தொடங்க முன்னம்

விசுவமடுவில், பரந்தன் ரோட்டுக் கரையில்
போன் திருத்துற கடை. அதன் பின்னறையில்
கச்சான் மூட்டைகளுக்கு நடுவே
ஒரு பழைய பிளேஸ்டேசன்.
கடை கவுதீபனுடையது,
மூட்டைகள் அவன் மச்சானுடையவை.
மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது.
என்னிடம் வாங்கமாட்டான்.
கடைக் கணக்கை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன்,
இடக்கையால்.

முதல் நாள் ஓடத் தெரியாமல் செத்தேன்.
ஓடுவதற்கு ஒரு பட்டனை அமத்திப் பிடிக்கவேணும்,
திரும்ப இன்னொரு விரல்,
பாய மற்றக் கை.
மற்றக் கை.
பதினொரு தரம் அதே பள்ளத்தில் விழுந்தேன்.
பின்னால நிண்ட சின்னப் பெடியள் சிரிக்கேல்லை.
அதுதான் கூடச் சுட்டது.

பிறகு கவுதீபன் செட்டிங்ஸைத் திறந்தான்.
இவ்வளவு நாளும் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத பக்கம்.
இங்கிலீசில்தான் கேட்டது,
நான் எனக்குள் தமிழில் வாசித்தேன்:
அமத்திப் பிடிக்கவேணுமா, ஒருதரம் தட்டினால் போதுமா?
திரை அதிரட்டுமா, வேண்டாமா?
திடீர்ச் சத்தங்களைக் குறைக்கவா?
ஒற்றைக் கையா?
எந்தக் கை?

கச்சேரியில் வலது பெருவிரலைத்தான் கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
"அப்ப நாளைக்கு வாங்கோ" என்றார் உத்தியோகத்தர்,
நாளைக்கு முளைச்சிடும் என்ற மாதிரி.

இடது என்று தட்டினேன்.
பட்டன்கள் எல்லாம் இந்தப் பக்கம் மாறி வந்து இருந்தன,
பஸ்ஸில் முகத்தைப் பார்க்காமல்
எழும்பி இடம் விடுகிற ஆட்களைப்போல.

பாய்வதற்கு மட்டும் விரல் காணாது.
தையல் மெசின் பெடலொன்றைக் கழற்றி
வயர் போட்டு முடிந்தான் கவுதீபன்.
முதல் நாள் புகை வந்தது.
இரண்டாம் நாள் நான் பாய்ந்தேன்.

சனிக்கிழமைகளில் அருள்நேசன் வருவான்.
ஒரு காது முற்றாக இல்லை, மற்றது அரைவாசி.
எழுத்து ஓடவிடுகிற தெரிவை அவனுக்குப் போட்டுவிட்டேன்.
திரையின் அடியில் வந்தது: காற்று. இலைகள்.
பிறகு, ஒரு சின்ன அம்புக்குறியோடு: குருவி, வலப்பக்கம்.
கடதாசியில் எழுதிக் காட்டினேன்.
"இதுக்குள்ள குருவி இருக்கோ?" என்றான்.
நாலு மாதமாய் அந்தக் காட்டுக்குள்தான் திரிகிறான்.
வாளை உறைக்குள் போட்டுவிட்டு
அரைமணித்தியாலம் அசையாமல் நின்றான்,
அடுத்த குருவிக்காக.
அரக்கர்கள் வந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகொரு நாள் அதே இடத்தில் வந்தது:
தூரத்தில் வெடிச்சத்தம்.
சத்தத்தை நான் எப்பவோ குறைத்துவிட்டேன்.
எழுத்தைக் குறைக்கத் தெரிவு இல்லை.
அந்த வரியை அவனுக்கு எழுதிக் காட்டவில்லை.
அவனும் கேட்கவில்லை.
இரண்டு பேரும் கச்சான் உடைத்தோம்,
நான் பல்லால்.

நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு மூன்று வகைத் தெரிவு.
எழுத்தின் அளவுக்கு ஐந்து.
மொழிக்கு இருபத்தாறு.
தமிழைத் தேடிக் கீழே கீழே போனேன்.
பட்டியல் முடிந்து
திரும்ப மேலே இங்கிலீசில் கொண்டுவந்து விட்டது.
இவ்வளவு கேட்ட பிள்ளை
இதை மட்டும் கேட்க மறந்துபோச்சு.

கடைசியாக ஒரு தெரிவு:
விழுந்தாலும் சாகாமல் இருக்கலாம்.
கவுதீபன் அதையும் போடப் போனான்.
கையைத் தட்டிவிட்டேன்.
பள்ளம் எனக்கு வேணும்.
விழுகிறது நானாக இருக்கவேணும்,
பட்டனாக இருக்கக்கூடாது,
அவ்வளவுதான்.

இண்டைக்கு ஒன்பது தரம் விழுந்தேன்.
ஒன்பதாம் தரம், பெடலில் கால் வழுக்கி,
அந்தரத்தில் கையைக் காலை அடித்துக்கொண்டு.

பின்னால நிண்ட பெடியள்
விழுந்து விழுந்து சிரிச்சாங்கள்.